செவ்வாய்க்கிழமைக்கு ஒரு சூத்திரம்

முனியாண்டியின் நான்கு விரல்கள் போனதற்கு நான்தான் காரணம். ஆயுதம், ஒரு பென்சில்.

மலாயாவில் அவசரகாலம் அது. நியாலாஸ் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் கிராணி, ஆபீசில் எழுதுகிறவன். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து எங்கும் முள்வேலி, சோதனைச் சாவடி... ஒரு டிவிஷனிலிருந்து இன்னொன்றுக்குப் போக துரை கையெழுத்திட்ட பாஸ் வேண்டும். வாரத்துக்கு ஒன்றுதான் தருவார். அதற்கும் காரணம் கேட்பார். என் காரணத்தின் பெயர் சரசு. அதை எழுதிக் கொடுக்க முடியுமா?

இயந்திரங்களைச் சோதிக்கும் அட்டவணை என் பொறுப்பு. ஆகவே கணிதத்தைத் துணைக்கு அழைத்தேன்.

இயந்திரத்தை அடிக்கடி நிறுத்திச் சோதித்தால் வேலை கெடும்; சோதிக்காமல் விட்டால் இயந்திரம் கெடும். இரண்டுக்கும் நடுவே, இழப்பு மிகக் குறைவான ஓர் இடைவெளி உண்டு. அதைக் காண ஒன்று தெரிய வேண்டும்: தேய்மானம் கண்ணில் படும் நாளுக்கும் இயந்திரம் உடையும் நாளுக்கும் இடையே எத்தனை நாள்? யாருக்குத் தெரியும்... ஊகித்துத்தான் எழுத வேண்டும். ஊகித்தேன்.

கீழ் டிவிஷன் தண்ணீர்ப் பம்புக்குப் பத்து நாள். மேல் டிவிஷனில் ரப்பரைத் தகடாக அழுத்தும் உருளை இயந்திரத்துக்கு நூறு நாள். அதை நிறுத்தும் பிடி வழுக்குகிறது என்று கங்காணி ஏற்கெனவே சொல்லியிருந்தார். சொன்னால் என்ன? போய்ப் பார்ப்பவன் நான் ஒருவன், இருந்தது ஒரே பாஸ். சூத்திரம் கீழ்ப்படிந்தது: பம்புக்கு வாரந்தோறும் செவ்வாய், உருளைக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. துரை மகிழ்ந்தார். விடை தசமத்தில் இருந்தால் அவர் எதையும் நம்புவார்.

சரசு, கீழ் டிவிஷனில் பம்பு ஓட்டிய கோவிந்தனின் மகள். அப்பாவுக்கு எழுத வராததால் பம்பின் நிலையைத் தினமும் குறிக்கும் இஞ்சின் புத்தகத்தை அவள்தான் எழுதினாள். நான் கஞ்சி போட்ட சட்டையோடு போய், நன்றாக ஓடும் பம்பில் காதை வைத்து, முகத்தில் கவலையை வரவழைப்பேன்.

“பம்புக்கு ஒண்ணும் இல்ல லா, கிராணி. உங்களுக்குத்தான் ஏதோ கோளாறு.”

அந்த ஒரு வாக்கியத்தில் ஆறு நாள் உயிர் வாழ்வேன்.

ஆறாவது வாரம் பிடி நழுவியது. உருளையை நிறுத்த முடியாமல் முனியாண்டியின் வலக்கை உள்ளே போயிற்று. சேதி கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? ஐயோ, செவ்வாய்க்கிழமை பறிபோய்விடுமோ...

பறிபோகவில்லை. விசாரணையில் என் அட்டவணையைப் பார்த்தார்கள். சோதனை நாள் எதுவும் தவறவில்லை. எனவே கவனக்குறைவு முனியாண்டியுடையது என்று முடிவாகி, அவனைத் தோட்டத்தை விட்டு அனுப்பினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அட்டவணையை மடித்து வாங்கிக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய் சரசு சிரிக்கவில்லை. “அந்த மிசினக் கடைசியா எப்பப் பாத்தீங்க?”

“கணக்குப்படி இன்னும் ரெண்டு வாரம் இருக்கு.”

“கணக்கு யாரு போட்டது?”

நான் பம்பில் காதை வைத்துக்கொண்டேன்.

மறுவாரம் அவள் இல்லை. இஞ்சின் புத்தகம் மட்டும் பம்பு அறை வாசலில் கிடந்தது. மாதக் கடைசிவரை எல்லா நாளுக்கும் முன்கூட்டியே அவள் கையெழுத்தில்: ‘பழுதில்லை.’

இப்போது மலாக்கா டவுனில் இருக்கிறேன். பாஸ் யாரும் கேட்பதில்லை. முனியாண்டி செர்காமில் இருப்பதாகக் கேள்வி. பஸ் ஏறினால் போய்விடலாம். நான் ஏறியதில்லை.

ஆனால் செவ்வாய் தவறாமல் கஞ்சி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொள்கிறேன். அவளுக்காக... இன்றும் முனியாண்டிக்காக அல்ல.