பிரேக் கழுவிய தண்ணீர்

டொல்பின் பார்க்கப் போகும் படகுகளை ஆலங்குடாக் கடலில் இறக்கி ஏற்றும் ட்ரெயிலருக்குப் புதிய பிரேக் பூட்ட வேண்டியிருந்தது. படகு முதலாளி முனாஸ், விலை குறைந்த டிரம் பிரேக்கே போதும் என்றார். ட்ரெயிலரை இழுக்கும் உழவு இயந்திரத்தின் சாரதி றஊப் உடன்படவில்லை.

"டிரம்முக்குள்ள உப்புத்தண்ணி பூந்தா உள்ளுக்கே கெடந்து இரும்பத் திண்டுடும், மொதலாளி. டிஸ்க் எண்டா தொறந்து கெடக்கும். கழுவலாம்."

"ஆரு கழுவுற?"

"நான்தான்."

"பொறகு கதை மாறப்படா, றஊப் நானா. பழுதானா உங்கட தலையிலதான்."

றஊப் சொல் தவறவில்லை. படகு கரையேறியதும் ட்ரெயிலரைத் தம் வீட்டு வளவுக்குக் கொண்டுவந்து, கிணற்றில் வாளி வாளியாக இறைத்துப் பிரேக்கின் இடுக்கெல்லாம் ஊற்றுவார். அசையும் ஊசிகளுக்குக் கிறீஸ் பூசுவார். போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு, முகாமில் வளர்ந்து, இந்தக் காணிக்கு வந்த வருடம் அவரே தோண்டிய கிணறு அது.

"எனக்கு ஒரு நாளாவது இப்பிடித் தண்ணி அள்ளித் தந்தீங்களா?" என்பார் மனைவி கமறியா.

"ஒனக்குத் துருப் பிடிக்காதே."

அடுத்த பருவம் தொடங்கியதும் ஒரு பக்கப் பிரேக் இறுகிப் பிடித்துக்கொண்டது. ட்ரெயிலர் திரும்பி மதகில் மோத, படகின் அடிப்பகுதி பிளந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே முழுவதும் துரு.

"கழுவினதாம்!" என்றார் முனாஸ்.

"அல்லாஹ் அறிய, ஒரு நாளும் கழுவாம உடல்ல."

"அப்ப இந்தத் துரு வானத்தால வந்ததா? வீட்டுல இரிங்க, நானா. வரச் சொன்னா வாங்க."

அந்தக் கிழமை, எலுவன்குளத்தில் மணமுடித்திருந்த கமறியாவின் தம்பி மகள் ஸும்றா வந்தாள். தேநீரை ஒரு வாய் குடித்து முகம் சுளித்தாள்.

"மாமி, சீனிக்குப் பதிலா உப்பையா போட்டீங்க?"

கமறியா குடித்துப் பார்த்தார். றஊபும் குடித்தார். இருவருக்கும் எதுவும் தெரியவில்லை. றஊப் எழுந்துபோய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். சுற்றிலும் கடல்நீர் தேக்கும் இறால் தொட்டிகளும் நிலத்தடி நீரை உறிஞ்சும் ஹோட்டல்களும் வந்த பிறகு தண்ணீர் சிறிது சிறிதாக உவர்த்திருக்கிறது; நாக்கும் அதனுடனேயே பழகிவிட்டது.

ஒரு போத்தலில் அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டு முனாஸின் வீட்டுக்குப் போனார். அங்கே குடிப்பது வடிகட்டிய கேன் தண்ணீர். முனாஸ் ஒரு மிடறு குடித்துத் துப்பினார்.

"உப்பு!"

"அதத்தான் சொல்ல வந்தன். நான் கழுவாம உடல்ல, மொதலாளி."

"தண்ணில உப்பிரிக்கிறது கூடத் தெரியாத மனிசன்ட கையில படகக் குடுத்தனே, என்னயச் சொல்லணும்."

முனாஸ் வேறொருவரை வேலைக்கு எடுத்தார். ட்ரெயிலர் கழுவுவதற்கென்றே இப்போது பவுசர் வண்டியில் நல்ல தண்ணீர் வருகிறது. ஒருநாள் கமறியா கேத்தலோடு போய்க் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.

"இது பிரேக்குக்கு, ராத்தா. மொதலாளி ஏசுவாரு," என்றார் புதிய சாரதி.

கமறியா திரும்பி வந்து கிணற்றில் வாளியை இறக்கினார். றஊபுக்கு இப்போது ஒவ்வொரு மிடறிலும் உப்புத் தெரிகிறது.