சோடி பார்த்து வாங்கிய டிஸ்க்குகள்

விற்பனைக்கு வைத்திருக்கும் ஹார்டு டிஸ்க்கைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்த மனிதர் ஒருவரைத்தான் நான் கண்டிருக்கிறேன். அவர் என் மாமனார். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் உதிரிபாகங்கள் விற்கும் ஒரு மாடிக் கடை அது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டிஸ்க்கை முதலில் புரட்டினார். முகர்ந்தார். விரல் முட்டியால் தட்டினார். அப்புறம் காதில் வைத்து ஓர் ஆட்டு ஆட்டினார். கடைக்காரர் பதறிப்போய், "ஐயா, ஆட்டாதீங்க, கெட்டுப் போயிருமுங்க" என்றார். மாமா என் பக்கம் திரும்பி, அவருக்கும் கேட்கிற குரலில், "ஆட்டுனாலே கெட்டுப் போறதை நம்பி எதுக்கம்மிணி வாங்கோணும்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், மானம் போகிற கவலை ஒரு பக்கம்.

கேரள எல்லைக்குள், வடகரப்பதிப் பக்கம் எங்கள் தோட்டம். மாமாவின் சந்தேகம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிரசித்தம். தேங்காய் வியாபாரி எண்ணி முடித்தபின் இவர் ஒருமுறை எண்ணுவார். வில்லேஜ் ஆபீசில் மலையாளத்தில் எழுதிய தாளில் கையெழுத்துப் போட வேண்டுமென்றால், அதைத் தனித்தனியாக இரண்டு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, இருவரும் ஒன்றையே சொல்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் பேனாவைத் திறப்பார். அவர் போனில் வருகிற, போகிற அழைப்பெல்லாம் தானாகப் பதிவாகும்படி வைத்திருந்தார். "நான் அப்படிச் சொல்லவே இல்லீன்னு நாளைக்கு எவனாச்சும் சொன்னா?" என்பார். எனக்குத் தெரிந்து அப்படி யாரும் சொன்னதில்லை. அவரும் எதையும் எடுத்துப் போட்டுக் காட்டியதில்லை.

என் மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவருக்கு இந்தப் பதிவு விஷயம் ஒரு வேடிக்கை. களத்தில் இருக்கும் மாமாவுக்குச் சமையலறையிலிருந்து போன் போட்டு, சாப்பிட வரச் சொல்லிவிட்டு, "எல்லாம் பதிவாயிருச்சுங்ளா? செரி, வெச்சர்றேன்" என்று முடிப்பார். ஒரு நாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அத்தை படமெடுத்துக்கொள்ளக் கூச்சப்படுகிறவர். வீட்டில் அவருடைய வீடியோ ஒன்றுகூட இல்லை. வியாபாரிகளுடைய பேரமும் புரோக்கர்களுடைய புளுகும் நிறைந்திருந்த அந்த போனுக்குள்தான் அவர் குரல் இருந்தது. ஒரு மனிதரின் சந்தேகப் புத்தியால் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த ஒரே சொத்து அது.

அந்த போன் இடமில்லை என்று முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. தொட்டால் சுட்டது. நான் வீட்டிலிருந்தே ஒரு மென்பொருள் கம்பெனிக்கு வேலை செய்கிறவள். இணையத்தில் இடம் வாங்கி அதில் போட்டு வைக்கலாம் என்று யோசனை சொன்னேன். "அந்த எடம் எந்தூர்ல இருக்குது?" என்றார். தெரியாது என்றேன். "ஊரு தெரியாத எடத்துல கொண்டுபோய் உங்கத்தையைக் குடி வெக்கச் சொல்றயா? இன்னிக்கு எடம் குடுக்கறவன் நாளைக்குக் காலி பண்ணும்பான்" என்று பேச்சை முடித்துவிட்டார். அப்படித்தான், எங்கள் வீட்டுக்குள்ளேயே சேமிப்புக்கென்று ஒரு சர்வர் பெட்டி கட்டுவது என்று முடிவானது.

பாகங்களை நான் பொறுக்குவேன், அவர் குறுக்கு விசாரணை செய்வார். கரண்டு அதிகம் குடிக்காத சின்ன ப்ராசசர் போதும் என்றேன். அது பிடித்திருந்தது, சும்மா வைத்துக் காக்கிற வேலைக்கு மூளை குறைவாக இருப்பதே நல்லது என்றார். ராம் என்கிற நினைவகத்தில்தான் சிக்கியது. தப்பு நேர்ந்தால் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும் வகை ஒன்று இருக்கிறது, அதையே போடலாம் என்று ஆசையாகச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. "நான் வெச்சதை இது யாரைக் கேட்டுட்டுத் திருத்தும்?" என்றார். அதைப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. பவர் சப்ளையைக் கையில் தூக்கிப் பார்த்து, கனமாக இருந்ததை எடுத்துக்கொண்டார். கலர் கலராக எரியும் ஃபேனைக் கடைக்காரர் இலவசமாகத் தருவதாகச் சொன்னபோது, சும்மா தருகிறான் என்ற காரணத்துக்காகவே அதை வேண்டாம் என்றார். வைஃபை கூடவே கூடாது. காற்றில் போகிற எதையும் யாரும் பிடித்துக்கொள்ளலாமாம்.

கடைசியில் டிஸ்க்குகள். இரண்டு வேண்டும். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும், ஒன்று செத்தாலும் மற்றது காக்கும் என்று விளக்கியிருந்தேன். கேட்டதும் அவருக்கு அது பிடித்துப்போனது. இளவயதில் ஏர்மாடு வைத்திருந்தவர் அவர். மாட்டுச் சந்தையில் சுழி பார்த்து, பல் பார்த்து, கொம்பும் உயரமும் நடையும் ஒத்துப்போகிற சோடியாகத்தான் பிடிப்பார்களாம். அதே கணக்கில், ஒரே கம்பெனி, ஒரே நாளில் செய்தது, அடுத்தடுத்த எண் வேண்டும் என்று நின்றார். நான் மெதுவாக, "மாமா, ஒண்ணு இங்க வாங்கீட்டு, இன்னொண்ணு வேற கம்பெனில, வேற கடைல வாங்கிக்கலாமுங்க. ஒண்ணாச் செஞ்சது ஒண்ணாவே கெட்டுப் போறதுக்கு வாய்ப்பு சாஸ்தி" என்றேன். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "அந்த வேற கடைக்காரன் உனக்குத் தெரிஞ்சவனா அம்மிணி?"

சுருக்கென்றிருந்தது. கமிஷன் வாங்குகிறேனா என்று கேட்கிறார். வேகாத வெயிலில் எல்லை தாண்டி வந்து, அரைநாள் லீவு போட்டு நிற்கிற என்னை! உங்கள் இஷ்டம் என்று ஒதுங்கிக்கொண்டேன். கடைக்காரர் உள்ளே போய்த் தேடி, அடுத்தடுத்த எண்ணுள்ள இரண்டைக் கொண்டுவந்து வைத்தார். மாமா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தலைசாய்த்துப் பார்த்துவிட்டு, திருப்தியாகத் தலையாட்டினார். திரும்பி வருகிற பஸ்ஸில் அந்த டப்பாக்களை மடியைவிட்டு இறக்கவில்லை.

பெட்டி வேலை செய்தது. பதிவுகளை எல்லாம் ஏற்றினேன். ஒரே நிபந்தனை, யாரும் எதையும் போட்டுக் கேட்கக் கூடாது. "பொட்டி உன்ரது, பேச்சு என்ரது" என்று சொல்லிவிட்டார். அமாவாசைக்கு அமாவாசை பெட்டியை நிறுத்தி வைப்பார். ஏர்மாட்டுக்கு அன்று ஓய்வு, நுகத்தடி வைக்கக் கூடாது. டிஸ்க்குக்கு அதெல்லாம் தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "சொல்லத் தெரியாத சீவனுக்கு நாமதான் பாக்கோணும்" என்றார். பெட்டியை அணைக்க வேண்டிய முறைப்படிதான் அணைத்தார் என்பதால் நானும் விட்டுவிட்டேன். அவருடைய போன் ஒருநாள் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அத்தையின் குரல் இருந்த இடம் இந்தப் பெட்டி மட்டும்தான். இன்னொரு காப்பி எடுத்து என் அம்மா வீட்டில் வைக்கிறேன் என்றதற்கு அவர் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

இரண்டாவது வருஷம், ஒரு டிஸ்க் செத்தது. பெட்டி கூவியது. உடனே மற்றதைச் சோதித்துப் பார்த்தேன், ஏனென்றால் அது இதன் கூடப் பிறந்தது. அதிலும் பிழைகள் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கடைக்காரனைத் திட்டுவார், அல்லது நான் எதையோ நோண்டிவிட்டேன் என்பார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் இரண்டையும் செய்யவில்லை. வெறும் வயிற்றோடு இருக்கிறவர் மாதிரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சோடில ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணு தீனி எடுக்காதம்மிணி. தண்ணி காட்டுனாலும் மூஞ்சியத் திருப்பிக்கும். நான் பாத்திருக்கறேன்" என்றார். அத்தை போனபிறகு தட்டில் போட்டதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோகிறவர் அவர். அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நீ சொன்னயே, அந்த வேற கடை. அங்க போயி ஒண்ணு வாங்கீட்டு வா. இதும் போறதுக்குள்ள."

"நீங்களும் வர்றீங்ளா மாமா?"

"நான் எதுக்கு? நீ பாத்து வாங்கு."

அந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். உடனே கிளம்பி, வேறு கம்பெனி டிஸ்க் ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். பழையதிலிருந்து புதியதற்கு எல்லாம் எழுதப்பட வேண்டும். திக்கித் திக்கி நகர்ந்தது. மாமா நாற்காலி போட்டுப் பெட்டியின் எதிரில் உட்கார்ந்துவிட்டார். மோட்டார் போட்டால் கரண்டு ஏறி இறங்கும் என்று தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதைக்கூட அன்று நிறுத்திவைத்தார். ஒருவழியாக எழுதி முடிந்தது. அந்த வாரமே பழைய டிஸ்க்கும் கண்ணை மூடியது.

ஆனால் வந்து சேர்ந்தது முழுசாக வந்ததா என்பது போட்டுக் கேட்டால்தான் தெரியும். தயங்கித் தயங்கிச் சொன்னேன். "நீயே கேளு. எனக்கு வேண்டாம்" என்றவர், எழுந்து போகவுமில்லை. அத்தை எண்ணிலிருந்து வந்த அழைப்புகளில் ஒன்றை, கண்ணை மூடிக்கொண்டு தொட்டேன். முதலில் கரகரப்பு. பிறகு, தெளிவாக, அடுப்படிச் சத்தத்துக்கு நடுவில் அத்தை.

"ஏனுங்க, வரும்போது கொத்தமல்லி ஒரு கட்டு வாங்கீட்டு வாங்க. அப்பறம், நம்ம மருமகளைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க." கொஞ்சம் நிறுத்தினார். "இதுல வேண்டாம். நீங்கதான் எல்லாத்தையும் புடிச்சு வெக்கறீங்களே, நாளைக்கு அவளே கேட்டாலும் கேப்பா. ஊட்டுக்கு வாங்க, நேர்ல சொல்றனுங்க." ஒரு சிரிப்பு. வைத்துவிட்டார்.

மாமா கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. எனக்கும் அழுகைதான், ஆனால் அதற்குள்ளேயே ஒரு குடைச்சல் ஆரம்பித்துவிட்டது. "அன்னிக்கு ஊட்டுக்கு வந்தப்பறம் அத்தை என்னங்க மாமா சொன்னாங்க?" என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அத்தை போனதற்குப் பிறகு முதல்முறையாக அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது.

"அது பதிவாகலியே அம்மிணி" என்றார்.

அதன் பிறகு எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தேன். நல்லதா, கெட்டதா என்பதையாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அதே பதில், அதே சிரிப்பு. போன வருஷம் அவரும் போய்விட்டார். பெட்டி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. வேறு வேறு கம்பெனி டிஸ்க்குகள், ஒரு காப்பி என் அம்மா வீட்டில். மொத்தப் பதிவுகளையும் கேட்டு முடித்துவிட்டேன். நான் தேடுவது அதில் எங்கும் இல்லை. அம்மா உன்னைப் பற்றி நல்லதாகத்தான் சொல்லியிருப்பார் என்கிறார் என் கணவர். கேட்ட மாத்திரத்தில், ஒரு நொடிகூட யோசிக்காமல் சொல்கிறார். அதனால்தான் எனக்கு நம்பிக்கை வரவில்லை.