தலை ஆய்வுக்கு, மிச்சம் குழம்புக்கு

மீனைக் காப்பாத்த மீனைக் கொல்லுறதுதான் என்ரை தொழில். வலை இழுத்து இடுப்பு முறிஞ்ச ஆக்களுக்கு என்ரை பாடு விளங்கும், கேளுங்கோ.

மொன்றியலிலை இருந்து மூண்டு மணித்தியால ஓட்டத்திலை ஒரு ஏரி. சல்மன் மீன் காலங்காலமா வாழ்ற இடம். அதுக்குள்ளை தூண்டில் ஆசையிலை ஆரோ புறோஷே எண்ட பல்லுக்கார மீனைக் கொண்டந்து விட்டிட்டான். இனி ஒண்டில் சல்மன், இல்லாட்டி புறோஷே. நான் சல்மன் கட்சி: புறோஷேயை வலைபோட்டுப் பிடிச்சு, வயித்தைக் கீறி என்ன தின்னுதெண்டு பாக்கிற ஆய்வுக் குழுவிலை வேலை.

முதல் வயிறு

முதல் கிழமை ஒரு புறோஷேயின்ரை வயித்தைக் கீறினன். உள்ளை ஏழு சல்மன் குஞ்சு, ஒண்டு இன்னும் செமிக்கேல்லை. எனக்கு வந்த கோபத்திலை செத்த மீனுக்கே ரெண்டு அடி போட்டன். எங்கடை பொறுப்பாளர் லூசி பிரெஞ்சிலை சொன்னா: "அதுக்குப் பசி, தின்னுது. கொண்டந்து விட்டவனைக் கோவி."

தலைக்கறி

வெட்டிப் பாத்த மீனை எறிவினம். எனக்கு மனம் கேக்குமோ? அண்டைக்குப் பிடிபட்ட பெரிசைத் தலையோடை மொன்றியல் சென்ட் லோரன்டிலை இருக்கிற என்ரை வீட்டுக்குக் கொண்டுபோனன். விடிய லூசி போன் எடுத்துத் தலையைத் தேடுறா. தலைக்குள்ளை இருக்கிற காதுக்கல்லைப் பாத்துத்தான் வயசு கணிக்கிறதாம். வயசு தெரிஞ்சால்தான் அடுத்த வருசம் எத்தினை வலை போடுறதெண்டு தெரியுமாம். ஐயோ! அது ராத்திரியே குழம்பாப் போச்சு.

நல்லகாலம், மனிசி சட்டியிலை மிச்சம் வைச்சிருந்தா. தேத்தண்ணி வடியாலை குழம்பை அரிச்சு, ரெண்டு வெள்ளைக் கல்லையும் கழுவி அடுத்தநாள் நீட்டினன். லூசி மோந்து பாத்தா.

"வயசு பாக்கலாம். ஆனால் ஏன் இது கறித்தூள் மணக்குது?"

அண்ணையின்ரை வாளி

அதுக்குப் பிறகு தலை லூசிக்கு, உடம்பு எங்கடை கட்டடத்து ஆக்களுக்கு. கீழ்வீட்டுச் செல்வம் அண்ணை, துறைமுகத்திலை லொறி ஓடுறவர், தலையில்லாத மீனெண்டு முதலிலை முகத்தைச் சுளிச்சார். ஆனால் ருசி பிடிச்சிட்டுது. ஒருநாள் கேட்டார், ரெண்டை உயிரோடை வாளியிலை கொண்டுவரட்டாம், மச்சான்ரை கொட்டேஜ் வீட்டுக்குப் பக்கத்து ஏரியிலை விடுவமாம்.

பேந்து அந்த ஏரியிலையும் இதே கதைதான்! நான் ஊட்டின ருசியெல்லோ இது! லூசியிட்டைக் கேட்டு, சனிக்கிழமை அண்ணையை ஏரிக்குக் கூட்டிப்போய் வலை இழுக்க விட்டன். வயித்தையும் அவரே கீறினார். உள்ளை கிடந்த சல்மன் குஞ்சுகளை ஒண்டொண்டா எண்ணினார். பேந்து சட்டைக்கையை மடிச்சார்.

"அறுவான், இதையோ நான் வாளியிலை கேட்டனான்? அடுத்ததை எடடா தம்பி!"

சல்மனைக் காப்பாத்த வலையும் கத்தியும் காணாது பாருங்கோ, எங்கடை ஆக்களின்ரை வாளியிலையும் ஒரு கண் வைச்சிருக்க வேணும்.