மரினால்வா ஓட்டும் வேன்

மரினால்வா ஜீன்ஸ் பேன்ட்டுக்குப் பின்பாக்கெட் தைப்பவள். எங்கள் ஊரில் தையல் மெஷின் சத்தம் கேட்காத வீடே கிடையாது. ஆனாலும் அவள் மெஷின் சத்தம் தனியாகத் தெரியும். மிதிக்க ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். பேச்சும் அப்படித்தான்.

கொசு கொண்டுவந்த ஜிகா காய்ச்சலில் எங்கள் பெர்னாம்புகோ மாநிலம் முழுக்க ஆடிப்போன வருஷம், எங்கள் ஊரில் மட்டும் ஏழு பிள்ளைகள் சின்னத் தலையோடு பிறந்தார்கள். அவள் மகன் கயீக் அதில் ஒருவன். என் மகள் ரய்சா இன்னொருத்தி. மாநிலத் தலைநகர் ரெசீஃபேயில் ஓர் இளம் டாக்டர் கயீக்கின் ஸ்கேன் படத்தைப் பார்த்தபடியே, "இவன் உட்காரமாட்டான், பேசமாட்டான், அம்மாவையே அடையாளம் கண்டுக்கமாட்டான்" என்றார்.

மரினால்வா குழந்தையை அவர் மடியில் வைத்தாள். கயீக் கட்டடமே அதிரும்படி அலறினான். திரும்ப வாங்கிக்கொண்டாள். அழுகை நின்றுவிட்டது.

"பாத்தீங்களா டாக்டரே, உங்களையும் என்னையும் பிரிச்சுத் தெரியுது இவனுக்கு."

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அவள் அழுததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் ரெசீஃபே பயணம். பிள்ளைகளுக்குக் கை கால் பயிற்சி அங்கேதான். நகராட்சி வேன் விடிகாலை நாலு மணிக்கு மாதா கோயில் வாசலிலிருந்து கிளம்பும். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். டிரைவர் அமாரு கெட்டவர் இல்லை, பிள்ளைகள் அழுதால் தாங்காதவர். ஒன்று அழுதால் ரேடியோவைக் கூட்டுவார். ரேடியோ கூடினால் மற்ற ஆறும் அழும்.

ஒருநாள் வேன் கிளம்பும் நேரத்தில், எங்களில் ஒருத்தியான கிடேரியா தெருமுனை வரை வந்துவிட்டாள். அங்கே அவள் மகன் டாவிக்கு வலிப்பு வந்துவிட்டது. ஒரு கையில் பிள்ளை, மறு கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிடுகிறாள்.

"அண்ணே, நிறுத்துங்க! கிடேரியா நிக்கறா!" என்று வேனுக்குள்ளிருந்து கத்தினோம்.

"மணி நாலு அஞ்சு" என்றார் அமாரு. வேன் போய்க்கொண்டே இருந்தது.

மறுநாள் ஏழு அம்மாக்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி, "வேற டிரைவர் இல்லம்மா, நான் என்ன பண்ணட்டும்?" என்று கையை விரித்தார்.

"நான் ஓட்டறேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மரினால்வா சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

"நீயா? முதல்ல கார் லைசன்ஸ் வாங்கணும். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் போனாத்தான் வேன் லைசன்ஸே கேக்க முடியும்."

"என் மகன் தலைய நிமித்தறதுக்கு நாலு வருஷமாக் காத்திருக்கேன் சார். இந்த ரெண்டு வருஷம் எனக்கு எம்மாத்திரம்?"

அவள் புருஷன் ஜெனிவால் மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்காரன். மச்சானின் பழைய பிக்கப் வண்டியை இரவல் வாங்கி, ஊருக்கு வெளியே ஆடு மேயும் பொட்டலில் கற்றுக்கொடுத்தான். தெருவே வேடிக்கை பார்க்கப் போனது.

"மெதுவா மிதிடி! இது தையல் மெஷின் இல்ல!"

"மெஷினா இருந்தா சொன்னதக் கேக்குமே. இது அப்படியே உன்ன மாதிரியில்ல இருக்கு!"

முதல் நாள் ஒரு வேலி போனது. மறுநாள் ஒரு கள்ளிச்செடி. மூன்றாம் நாள் பிக்கப் சத்தம் கேட்டதும் ஆடுகள் தாமாகவே மேட்டில் ஏறி நின்றுகொண்டன.

பரீட்சையில் மூன்று முறை தோற்றாள். கம்பங்களுக்கு நடுவே வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்த வரவில்லை. நாலாவது முறை நாங்கள் ஆறு பேரும் கயீக்கையும் சேர்த்துப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு துணைக்குப் போய்ச் சுவரோரம் நின்றோம். அவள் வண்டியைக் கிளப்பிய நேரம் பார்த்து ஏழு பிள்ளைகளும் அழ ஆரம்பித்தார்கள். அவள் ஒரு கம்பத்தையும் தொடாமல் வழுக்கினாற்போல உள்ளே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இவ்வளவு சத்தத்துல எப்படிம்மா கவனம் சிதறாம ஓட்டுன?" என்று பரீட்சை அதிகாரி கேட்டார்.

"சத்தமா? எந்தச் சத்தம் சார்?"

இரண்டு வருஷம் கழித்து வேன் லைசன்ஸும் வந்தது. நகராட்சி டிரைவர் வேலைக்கு ஆள் எடுத்தபோது எழுதிப் போட்டாள், கிடைத்தது. அமாருவைத் தண்ணீர் லாரிக்கு மாற்றினார்கள். "தண்ணி அழாதில்ல" என்று அவரும் சந்தோஷமாகத்தான் போனார்.

அவள் ஓட்டிய முதல் நாள் நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கிடேரியா ஊர் எல்லையிலேயே ஜெபமாலையை எடுத்துவிட்டாள். மலை இறக்கத்தில் வண்டி எறும்பாக ஊர்ந்தது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. கயீக்கை அவள் இருக்கைக்கு நேர் பின்னால் கட்டி உட்காரவைத்திருந்தோம். அவனுக்குப் பார்வை குறைவு, காதுதான் எல்லாம். ஒவ்வொரு வளைவிலும் அவள், "திரும்பறோம் கயீக்!" என்று கத்துவாள். ஐந்தாவது வளைவில் அவள் கத்தியபோது, எப்போதும் நெஞ்சில் தொங்கும் அந்தத் தலை மெல்ல எழும்பியது.

"மரினால்வா! தலைடி!"

"என்ன தலை?"

"உன் மகன் தலை! நிமிந்து நிக்குது!"

"அப்ப எண்ணுங்கடி! நான் ரோட்டப் பாக்கணும்!"

வேன் முழுக்கச் சேர்ந்து எண்ணினோம். பதினொன்று வரை போய்த்தான் தலை சாய்ந்தது. பயிற்சி அறையில் அதுவரை நாலைத் தாண்டியதில்லை. நாங்கள் கைதட்ட, பிள்ளைகள் கூச்சலிட, முன்னாலிருந்து அவள் குரல் வந்தது: "யாராச்சும் என் கண்ணத் தொடச்சு விடுங்கடி, ரோடு தெரியல!" கிடேரியா மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, எட்டித் தன் பாவாடை நுனியால் துடைத்துவிட்டாள்.

அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. அடுத்த வாரம் கயீக் ஒருமுறைகூடத் தலை தூக்கவில்லை. இன்னும் பேசவில்லை. ஆனால் போன மாதம் முப்பத்துநாலு வரை எண்ணினோம். எங்களில் யாருக்காவது நேரமாகிவிட்டால் வேன் அவரவர் வீட்டு வாசலுக்கே போகிறது. பயிற்சி மையத்து நர்ஸ் ஒருமுறை, "இன்னும் எத்தன வருஷம் இப்படி வந்துக்கிட்டே இருப்பீங்க?" என்று கேட்டாள். "டீசல் இருக்கற வரைக்கும்" என்றாள் மரினால்வா.

போன செவ்வாய்க்கிழமை ஒரு புதுப் பெண் ஏறினாள். பத்தொன்பது வயதிருக்கும். கையில் ஆறு மாதக் குழந்தை, டவுன் சிண்ட்ரோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அழுது வீங்கிய கண்ணோடு கடைசி இருக்கையில் போய் ஒடுங்கினாள்.

மரினால்வா கண்ணாடியில் பார்த்தாள். "பொண்ணே, பேரென்ன?"

"எனக்கா, பிள்ளைக்கா?"

"பிள்ளைக்குத்தான். உன் பேர இனிமே எவளும் கேக்கமாட்டா. இவ ரய்சாம்மா, நான் கயீக்கம்மா."

அந்தப் பெண்ணின் உதடு கொஞ்சம் விரிந்தது. "ஹெலோயிசா."

"அப்ப முன்னால வா, ஹெலோயிசாம்மா. கடைசி சீட்டு குலுக்கி எடுத்துரும்."

அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் ரய்சா அவள் முடியைப் பிடித்து இழுத்தாள்.