கதிரைகளில் ஓடிய பிரெஞ்சு ரயில்

பிரான்சில் கிளெர்மோன் என்ற நகரத்தில் தொடங்கி, மலைகளுக்குள்ளால் நெளிந்து, தெற்கே நீம் என்ற நகரத்தில் போய் முடிகிற ஒரு ரயில் பாதை உண்டு. நான் அதில் ஒரு தடவையும் போனதில்லை. ஆனாலும் நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் அதன் நிலையங்களை வரிசையாகச் சொல்லுவேன். என் மாமாவும் சொல்லுவார். பிரெஞ்சுக்காரரிலேயே பலர் கேள்விப்படாத அந்தப் பாதைக்கு, சிட்னியில் குவேக்கர்ஸ் ஹில்லில் இரண்டு பக்தர்கள் எப்படி உண்டானார்கள் என்பது ஒரு கதை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. 2012ஆம் ஆண்டு. எங்கள் ஆசிரியை ஒரு தொப்பிக்குள் காகிதத் துண்டுகளைப் போட்டுக் குலுக்கினார். ஆளுக்கொரு ரயில் பாதை. அதன் வரலாற்றையும் வழியையும் வகுப்புக்கு முன்னால் நின்று பேச வேண்டும். பக்கத்தில் இருந்தவளுக்கு ஜப்பானின் புல்லட் ரயில் கிடைத்தது. முன்னால் இருந்தவனுக்கு லண்டன் பாதாள ரயில். எனக்கு வந்தது பிரான்சின் செவென் மலைப் பாதை. அதை எப்படி உச்சரிப்பது என்பதில் ஆசிரியைக்கே சந்தேகம் இருந்தது. வீடு வந்து சேரும்வரை அழுதேன்.

அன்றைக்கு என் பையைச் சுமந்துகொண்டு கூட நடந்து வந்தவர் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. இலங்கையிலிருந்து படகில் வந்து, கிறிஸ்மஸ் தீவுத் தடுப்பு முகாமிலும் பிறகு இன்னொரு முகாமிலும் இருந்துவிட்டு, அந்த வருடம்தான் எங்களோடு வந்து சேர்ந்திருந்தார். வேலை செய்ய அவருக்கு அனுமதி இல்லை. ஆகவே என்னைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போய் வருவதும், அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பதும், புல்லு வெட்டுவதும் அவருடைய அலுவல்கள். எங்கள் வீட்டுப் புல்லு அவருக்குப் போதவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவரின் புல்லையும் வெட்டிக்கொண்டிருந்தார்.

மாமி வரவில்லை. 2009இல் ஊரில் நடந்த கடைசிச் சண்டையில் சனத்துக்குள் அவரைத் தவறவிட்டுவிட்டேன் என்று மாமா சொல்லியிருந்தார். மாமி அம்மாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த தோழி. அம்மாவே முன்னின்று பேசிச் செய்துவைத்த கல்யாணம் அது. அம்மா விளக்கேற்றும்போதெல்லாம் மாமியின் பெயரைச் சொல்லிக் கும்பிடுவார். ஊரில் யார் யாருக்கோ தொலைபேசி எடுத்து விசாரிப்பார். எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. நானும் ஒருமுறை பிளாக்டவுன் கடைத்தொகுதியில் தவறிப்போனவள்தான். ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அம்மாவிடம் ஒப்படைத்தார்கள். மாமியையும் யாராவது அப்படிக் கூப்பிடும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

மாமாவின் விசாவை முதல் தரம் மறுத்திருந்தார்கள். ஏன் என்பதை, மாமாவின் வழக்கைப் பார்த்த லோயர் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்து விளக்கினார். மாமியைத் தவறவிட்ட இடத்தை மாமா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். போன இடங்கள் முன்னுக்குப் பின்னாக வந்திருக்கின்றன. கேட்டவர்களுக்கு முழுவதுமே பொய்யாகத் தெரிந்திருக்கிறது. மேல்முறையீட்டிலும் இப்படிச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"எங்கயிருந்து எங்க போனீங்கள், எங்க என்ன நடந்தது, எல்லாத்தையும் ஒழுங்காச் சொல்லிப் பழகுங்கோ" என்றார் லோயர். மாமா தலையை ஆட்டினார். அம்மா அவருக்காகவும் சேர்த்து ஆட்டினார்.

ஆக, எங்கள் வீட்டில் ஒரே வீட்டுப்பாடம் இரண்டு பேருக்கு இருந்தது. எனக்கு இது தாங்க முடியாத சந்தோஷத்தைக் கொடுத்தது. அக்கா தங்கை இல்லாத எனக்கு, ரீச்சர் விளையாட்டுக்கு முதல் முதலாக ஒரு மாணவர் கிடைத்திருந்தார், அதுவும் எங்கும் ஓடிப்போக முடியாத மாணவர்.

சாப்பாட்டு மேசைக் கதிரைகளையும் பின்வளவில் கிடந்த பிளாஸ்டிக் கதிரைகளையும் முன்னறையில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றும் ஒரு நிலையம். நடந்து போய்க் கதிரையில் இருந்து, அந்த இடத்தைப் பற்றி ஒரு விஷயமாவது சொல்லிவிட்டுத்தான் எழும்ப வேண்டும். அப்பாவுக்கு வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் இரவு வேலை. பகலில் நித்திரை. அதனால் எங்கள் ரயில் கூவாமல்தான் ஓடியது. பின்னேரம் எழும்பி வந்த அப்பா தேநீரும் கையுமாக நின்று, "இதில இருக்கலாமோ?" என்று கேட்பார். அது லங்கோன் நிலையம், இருக்கக் கூடாது என்பேன். மனுஷன் நின்றபடியே குடிப்பார்.

முதலில் என் பாதை. தெற்கே மலையடிவாரத்தில் நிலக்கரி தோண்டினார்கள். அதைக் கொண்டுபோகவும், பாரிஸ் பக்கத்தைத் தெற்கோடு இணைக்கவும் இந்தப் பாதையைப் போட்டார்கள். கிளெர்மோனில் வெளிக்கிட்டால் இசுவார், பிரியூத், பிறகு லான்ஜாக். லான்ஜாக் தாண்டியதும் அலியே என்ற ஆற்றின் பள்ளத்தாக்கு. சில இடங்களில் ஆற்றங்கரையில் தெருவே கிடையாது, தண்டவாளம் மட்டும்தான். பிறகு லங்கோன். அதற்கப்பால் மலை உச்சியில் லா பஸ்தீத். அங்கிருந்து இறக்கம். வில்ஃபோர், ஜெனோலாக், நிலக்கரி ஊரான அலெஸ், கடைசியில் வெயில் எறிக்கிற நீம். முழுப் பாதையிலும் நூற்றுக்கு மேற்பட்ட சுரங்கங்கள். இடையில் மூடிவிட்ட சின்ன நிலையங்களும் உண்டு. அவற்றுக்குக் கதிரையைக் கவிழ்த்து வைப்பேன்.

மாமா எல்லாவற்றையும் அக்கறையாகக் கேட்டார். "நிலக்கரிக்கு எண்டே இவ்வளவு மலையைக் குடைஞ்சவங்களோ?" என்று வியந்தார். கிளிநொச்சியில் வளர்ந்த அவர், சிட்னிக்கு வந்துதான் ஓடுகிற ரயிலைப் பார்த்தாராம்.

"ஏன், உங்கட ஊரில ட்ரெய்ன் இல்லையா?"

"இருந்ததாம். நான் சின்னனா இருக்கேக்க நிண்டு போச்சு. பிறகு தண்டவாளத்தையும் சிலிப்பர்கட்டையையும் கழட்டிப் பங்கருக்குப் போட்டாச்சு."

பங்கர் என்றால் குண்டு விழும்போது ஒளிந்துகொள்ளும் குழி என்று விளக்கினார். தண்டவாளத்துக்குக் கீழே ஒளிந்திருப்பது எனக்கு நல்ல விளையாட்டாகத் தோன்றியது.

அடுத்தது மாமாவின் பாதை. அவர் சொல்லச் சொல்ல, ஊர்ப் பெயர்களை எழுதிக் கதிரைகளில் ஒட்டினேன். கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். பிரெஞ்சுப் பெயர்களை விட இவை எனக்கு வாயில் நுழையக் கஷ்டமாக இருந்தன என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். மாமா கிளிநொச்சியில் ஏறினார். தருமபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியதைச் சொன்னார். விசுவமடுவில் சைக்கிளை விற்று மா வாங்கியதைச் சொன்னார். மாத்தளன் வரை நன்றாக வந்தவர், அங்கே இருந்து, "இதிலதான் மாமியைத் தவறவிட்டனான்" என்றார். பிறகு பொக்கணைக் கதிரையைச் சுற்றிக்கொண்டு போய் வலைஞர்மடத்தில் இருந்தார்.

அடுத்த நாள் வலைஞர்மடத்தில் இருந்துகொண்டு, "இதிலதான் தவறவிட்டனான்" என்றார். பொக்கணையில் அன்றைக்கும் நிற்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. "மாமா, நேற்று வேற ஸ்டேஷன் சொன்னீங்கள். இதில நிக்காமலும் போறீங்கள். யூ கான்ட் ஸ்கிப்."

"அது மூடின ஸ்டேஷன், பிள்ளை."

"மூடின ஸ்டேஷன் எண்டால் ஏன் மூடினது எண்டு சொல்ல வேணும். இல்லாட்டி மிஸ் மார்க்ஸ் தரமாட்டா."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு குசினிப் பக்கம் பார்த்தார். அங்கே அம்மா ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தார். மாமா திரும்பி வந்து பொக்கணைக் கதிரையில் இருந்தார். ரயில் அங்கே கன நேரம் நின்றது. அவர் கையிரண்டையும் தொடைகளுக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"இதில காலமை ஷெல் விழுந்தது. மாமிக்கு வயித்தில காயம். ஆஸ்பத்திரி எண்டு ஒண்டு இருந்தது, அங்க தூக்கிக்கொண்டு போனனான். பின்னேரம் அவ போயிட்டா. பங்கருக்குள்ள வைச்சு மண் போட்டிட்டு வந்தனான்."

குசினியில் சத்தம் நின்றது. அம்மா மாக் கையோடு வந்தார். மாமா நிமிரவில்லை.

"அக்கா, உங்களிட்ட எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்ல. விசாவுக்கு விசாரிக்கேக்கயும் நீங்கள் பக்கத்தில இருந்தனீங்கள்."

அம்மா சத்தம் போட்டு அழவில்லை. அப்படியே நிலத்தில் இருந்து, தம்பியின் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டார். மாமாவின் கறுப்புக் காற்சட்டையில் மா ஒட்டியது. "இவ்வளவு நாளும் தனியச் சுமந்தியே, தம்பி" என்றார்.

மாமி இறந்துவிட்டார் என்பது எனக்கு விளங்கியது. பார்த்தே இராத மாமிக்காகக் கொஞ்சம் கவலைப்பட்டேன். ஆனால் ரயில் பாதி வழியில் நிற்கிறதே என்பதுதான் பெரிய கவலை. சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அடுத்த ஸ்டேஷன், மாமா?" என்றேன். அம்மா என்னை ஏசப்போகிறார் என்று நினைத்தேன். ஏசவில்லை. மாமா மெல்ல எழும்பி வலைஞர்மடத்துக்கு நடந்தார். பிறகு முள்ளிவாய்க்கால். பிறகு வட்டுவாகல் பாலம், செட்டிகுளம் முகாம், நீர்கொழும்பில் படகு ஏறியது. கதிரைகள் முடிந்த பிறகும் நடந்து, வாசல் கதவு வரை சொல்லி முடித்தார்.

என் பேச்சு நாள் வந்தது. சுரங்கங்களைப் பற்றி அளவுக்கு மிஞ்சி அளந்துவிட்டதால், லா பஸ்தீத் உச்சியில் நிற்கும்போதே ஆசிரியை மணியை அடித்துவிட்டார். இறக்கத்தில் ஓடவே எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. நீம் நகரத்தின் வெயிலை என் வகுப்பு இன்றுவரை அறியாது.

மாமா தன் பாதையை முழுதாக ஓடி முடித்தார். மேல்முறையீட்டு விசாரணையில் கிளிநொச்சியிலிருந்து கடைசிவரை எங்கேயும் இடறவில்லை என்று லோயர் சொன்னார். அம்மாவும் பக்கத்தில் இருந்தாராம். மாதங்கள் கழித்து விசா கிடைத்தது. அன்று அம்மா ஒரு தட்டு நிறைய மட்டன் ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு என் பள்ளிக்கூடத்துக்கு வந்து, ஆசிரியையின் கையில் கொடுத்து, "தாங்க் யூ, தாங்க் யூ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எதற்கு என்று ஆசிரியைக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. என் பேச்சு அவ்வளவு நன்றாக இருந்ததாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா இப்போது எங்களுக்கு அடுத்த தெருவில் வீடு வாங்கி இருக்கிறார். ஒரு குடும்பமும் உண்டு. வயது ஏற ஏற அந்தப் பின்னேரத்தை நினைத்து நான் நன்றி சொல்ல வேண்டியவர்களின் தொகை கூடிக்கொண்டே போகிறது. தொப்பிக்குள் துண்டு போட்ட ஆசிரியைக்கு நன்றி. எங்கோ நிலக்கரிக்காக மலை குடைந்த பிரெஞ்சுத் தொழிலாளருக்கு நன்றி. குறுக்கே வந்து என்னை ஏசாத அம்மாவுக்கு நன்றி. எல்லாரையும் விட மாமாவுக்கு. ஒரு சின்னப் பிள்ளையின் அதிகாரத்துக்குக் கீழ்ப்படிந்து, அந்தக் கதிரையில் போய் இருந்ததற்கும், அதைவிட, நான் கேட்டவுடன் அதிலிருந்து எழும்பியதற்கும்.

அன்றைக்கு எனக்கு இது ஒன்றும் தெரியாது. கதிரைகளைத் திரும்பவும் மேசையடியில் அடுக்கும்போது நான் முகத்தை நீட்டிக்கொண்டிருந்தேன். மாமாவின் பாதையிலேயே நேரம் போய்விட்டது, என்னுடையதைப் பழக முடியவில்லை. மாமா அதைக் கவனித்துவிட்டார். கண் சிவந்திருந்தது. என்னருகில் குந்தி, "சொறி ரீச்சர், ஒரு ஸ்டேஷனில கன நேரம் நிண்டிட்டன்" என்றார்.

"பரவாயில்லை, மாமா. நாளைக்குக் கெதியாப் போவம்" என்று சொல்லி, பெரிய மனது பண்ணி அவரை மன்னித்தேன்.