கருணாகரன் தைத்த சிவப்புச் சட்டை

முத்துத்தாய் அந்தப் பேரை முதன்முதலாகக் கேட்டது, கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்கு வந்த பதினோராம் நாள், மதியச் சாப்பாட்டின்போது. சோற்றைப் பிசைந்துகொண்டே புருசன் உக்கிரபாண்டி சொன்னார்: "சாயங்காலம் கருணாகரன் வருவாரு. டீமுக்குச் சட்டை அளவெடுக்கணும். காப்பிக்குப் பாலு எடுத்து வையி."

திருச்சுழிக்குத் தெற்கே, மிளகாயும் பருத்தியும் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக் கிடக்கிற ஊர்க்காரி அவள். டீம் என்றால் என்ன, அதற்கு எதற்குச் சட்டை என்று ஒன்றும் விளங்கவில்லை. மாமியார் வெள்ளைத்தாய், அவளுடைய அப்பாவோடு கூடப்பிறந்த அத்தையேதான். அதனால் கேட்கக் கூச்சமில்லை.

"யாரு அத்தை அது, ஆபீசரா?"

"ஆபீசராம் ஆபீசரு! சாயக்காரரு. தறிக்காரத் தெரு. வீட்டுக்குள்ள தெலுங்கு, வெளிய நம்ம பேச்சு. ஒம் புருசனுக்கு நானும் வேணாம், நீயும் வேணாம், அவரும் அந்த மைதானமும் இருந்தாப் போதும்."

அது எண்பத்து நாலாம் வருசம். மில்லுக்கென்று ஒரு ஹாக்கி டீம் இருந்தது. ஆட்டக்காரர்களுக்கு நூற்பில் வேலை என்று பேர்தான், ஆடுவதற்குத்தான் சம்பளம். உக்கிரபாண்டி அதற்கு மேனேஜர். அவர்கள் போட்டிருந்ததைச் சட்டை என்றே சொல்ல முடியாது. கடைவீதியில் வாங்கிய வெள்ளைப் பனியனில் மூட்டைக்கு நம்பர் போடுகிற மையால் எழுதியிருப்பார்கள். இரண்டு ஆட்டம் வேர்த்தால் ஏழாம் நம்பர் ஒன்றாம் நம்பராகிவிடும்.

அன்று சாயங்காலம் கருணாகரன் வந்தார். ஒல்லியான ஆள், விரல் நகமெல்லாம் நீலமும் பச்சையும். காப்பித் தம்ளரை வாங்கும்போது, "கையப் பாத்துப் பயந்துறாதீங்க தங்கச்சி, அழுக்கு இல்ல, தொழிலு" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் அவளுக்கு அண்ணாச்சி.

அளவெடுப்பதற்கு முன் இரண்டு நாள் மைதானத்தில் உட்கார்ந்து ஆட்டத்தையே பார்த்தாராம். அப்புறம் உக்கிரபாண்டியிடம், "இவங்க எங்கண்ணே நிமிந்து ஓடுறாங்க? களையெடுக்கிற பொம்பளைக மாதிரி குனிஞ்சேல்ல ஓடுறாங்க" என்று சொல்லிவிட்டு, முதுகுப் பக்கம் மட்டும் நாலு விரல் நீளம் கூட வைத்துத் தைத்தார். பையன்கள் போட்டுப் பார்த்துக் கேலி செய்தார்கள்.

"அண்ணாச்சி, பின்னால வாலு தொங்குது."

"வாலு இருக்கட்டும்லே. குனியும்போது மானம் இருக்கும்."

மில்லின் நூல், கருணாகரனின் தறி, அவர் வீட்டுத் தொட்டியில் முக்கிய பச்சைச் சாயம், மஞ்சள் காலர். அந்தப் பச்சைச் சட்டை பதிமூன்று வருசம் ஓடியது. வருசத்துக்கு ஒரு செட் புதிதாக வரும். நிறம் ஒரு நூல்கூட மாறாது. கோவில்பட்டிப் பக்கம் ஆடப் போனால், "பச்சைக்கிளி வந்துருச்சுடா" என்று கூட்டம் கத்துமாம். தங்கம்மாள், அதாவது கருணாகரனின் சம்சாரம், காலருக்குப் பொத்தான் துளை எடுப்பாள். ஆட்டத்தன்று வேலையைப் போட்டுவிட்டு அந்த வீடே மைதானத்துக்கு வந்துவிடும். கோல் விழுகிறதா என்பதைவிடச் சட்டை எப்படி இருக்கிறது என்பதில்தான் அவர்களுக்குக் கண்.

தொண்ணூற்று ஏழில் மில் முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்தார். அவருக்குப் பச்சை பிடிக்கவில்லை. சிவப்புச் சட்டை, வெள்ளை டிரவுசர் என்று உத்தரவாயிற்று. மதுரையில் பெரிய போட்டி; அதற்குமுன் மில்லில் பூஜை போட்டு, புதுச்சட்டையோடு போட்டோ எடுக்க வேண்டும்.

கருணாகரன் யோசித்தார். சிவப்பு லேசில் அடங்குகிற சாயமல்ல. நூலில் பிடிக்காமல் மிஞ்சி நிற்கிற சாயத்தை உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தாக வேண்டும். ஆனால் அந்தத் தெருச் சாயக்காரர்கள் யாரும் அந்த முதல் நனைப்பைத் தாங்களே செய்வதில்லை. நனைத்தால் கஞ்சி போய்விடும், கஞ்சி போனால் துணி பழசு மாதிரித் தொங்கும், எவன் புதுத்துணி என்று வாங்குவான்? அதனால் சேலையாக இருந்தாலும் வேட்டியாக இருந்தாலும் கஞ்சி மொடமொடப்போடுதான் கொடுப்பார்கள். முதல் தண்ணீர் வாங்கின வீட்டுப் பொறுப்பு. ஊரில் எல்லாப் பெண்களுக்கும் இது தெரியும். சொல்லவே வேண்டாம். இருந்தாலும் கருணாகரன் சொன்னார்.

பதினாறு சட்டையையும் கட்டாகக் கட்டி முத்துத்தாய் கையில் கொடுத்தபோது சொன்னார். "போட்டோவுக்குக் கஞ்சியோட இருக்கட்டும் தங்கச்சி. பூசை முடிஞ்சதும் கல்லுப்புப் போட்டு மூணு தண்ணி. மூணாந் தண்ணி தெளிவா வரணும். வராட்டி நாலாவதும் போடுங்க. நெழல்லதான் காயணும்."

"நீங்க போங்க அண்ணாச்சி. சேலை நனைக்கத் தெரியாதவளா நானு?"

பூஜை முடிந்தது, போட்டோ எடுத்தார்கள், கட்டு திரும்ப வீட்டுக்கு வந்தது. மதுரைக்குப் புறப்பட நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளில்தான் முத்துத்தாயின் தங்கச்சி செல்வலட்சுமி மகளுக்குச் சடங்கு. டவுனில் பிள்ளைக்குப் பெரியம்மாவான முத்துத்தாய் வீடு இருக்கிறது என்று விசேஷத்தை இங்கேயே வைத்துக்கொண்டார்கள். திருச்சுழிப் பக்கத்து உறவெல்லாம் வேன் பிடித்து வந்து இறங்கிற்று. அந்த வருசம் குழாயில் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர். இருந்தது ஒரு டிரம்மும் எட்டுக் குடமும். சடங்கான பிள்ளைக்குத் தலைக்கு ஊற்ற வேண்டும், நாற்பது பேர் கைகால் கழுவ வேண்டும், அண்டா கழுவ வேண்டும். பதினாறு சட்டைக்கு மூன்று தண்ணீர் என்றால் டிரம் காலி.

அவள் டிரம்மைப் பார்த்தாள், கட்டைப் பார்த்தாள். வெயில் இந்தக் காய் காய்கிறது, எங்கே மழை வரப்போகிறது, ஆட்டம் முடிந்து வந்ததும் நனைத்துக்கொள்ளலாம் என்று கட்டைப் பரணில் தூக்கிப் போட்டாள்.

கிளம்புகிற அன்று உக்கிரபாண்டி கேட்டார்: "நனைச்சாச்சா?"

"ஆச்சு ஆச்சு. எடுத்துட்டுப் போங்க."

மதுரையில் இறுதி ஆட்டம். முதல் பாதியில் ஒன்றுக்கு ஒன்று. இரண்டாம் பாதி தொடங்கிய பத்தாம் நிமிடம் கோடை மழை கொட்டிற்று. முதலில் வெள்ளை டிரவுசரில் சொட்டுச் சொட்டாக இறங்கியதாம். பிறகு தொடை, கால், காலுறை. முட்டி மோதியதில் எதிர் அணியின் வெள்ளைச் சட்டையும் சிவந்து, யார் எந்த டீம் என்று தெரியாமல் போயிற்று. அம்பயர் ஆட்டத்தை நிறுத்தி, சட்டை மாற்றினால்தான் ஆட விடுவேன் என்றார். மாற்றுச் சட்டை கிடையாது. பக்கத்துக் காலேஜில் கேட்டதில் ஒன்பது கிடைத்தது. ஒன்பது பேரோடு ஆடி மூன்றுக்கு ஒன்று என்று தோற்றார்கள். மறுநாள் பேப்பரில் கலர் போட்டோ. மில் பேரைத் தாங்கின சட்டை, ஆடு அறுக்கிற இடத்திலிருந்து வந்தவர்களைப் போல ஆட்டக்காரர்கள்.

உக்கிரபாண்டி வீட்டுக்கு வந்து கட்டை முற்றத்தில் எறிந்தார். "மொதலாளி கூப்புட்டு விட்டுருக்காரு. மட்டச் சாயத்தப் போட்டு ஏமாத்திட்டான்னு கருணாகரனத்தான் சொல்றாரு. அவன் ஏமாத்துற ஆளா? ஆனா சாயம் போச்சே, நான் என்னன்னு பேசுவேன்?"

மில்லுக்குப் போகுமுன் கருணாகரன் நேரே அந்த வீட்டுக்குத்தான் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தங்கச்சி, நனைச்சீங்களா?"

முத்துத்தாய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் புருசன் நிற்கிறார். நனைக்கவில்லை என்று சொன்னால் குற்றம் மேனேஜர் வீட்டுக் குற்றமாகும்; மறுநாள் அவருக்கு வேலை இருக்காது.

"நனைச்சேன் அண்ணாச்சி."

"எத்தனை தண்ணி?"

"மூணு."

கருணாகரன் குனிந்து கட்டிலிருந்து ஒரு சட்டையை எடுத்தார். காலரின் உள்மடிப்பைப் பிரித்துக் கட்டைவிரலால் தேய்த்தார். மழைத்தண்ணீர் புகாத அந்த மடிப்புக்குள் கஞ்சி வெள்ளையாகப் பொடிந்து உதிர்ந்தது. மூன்று தண்ணீர் கண்ட துணியில் கஞ்சி ஏது? அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். சொல்லு என்பது போல ஒரு பார்வை. அவள் தரையைப் பார்த்தாள். சட்டையை மடித்து வைத்துவிட்டு, "சரி தங்கச்சி, வாரேன்" என்று போய்விட்டார்.

மில்லில் அவர் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினாலும் மேனேஜர் சம்சாரத்தின் பேச்சுக்கு எதிரே சாயக்காரர் பேச்சு எடுபடாது என்று நினைத்தாரோ, அவளே வந்து சொல்லட்டும் என்று விட்டாரோ, யாருக்குத் தெரியும். "என் சாயம் நல்ல சாயம்" என்று மட்டும் சொன்னாராம். முதலாளி மகன் பேப்பரைத் தூக்கி முன்னால் போட்டாராம்.

அதோடு ஊரில் அவருக்கு 'சாயம்போச்சு' என்று பேர் விழுந்தது. டீக்கடையில் அவர் போய் நின்றால், "ஏலே, தள்ளி நில்லுங்கடா, ஒட்டிக்கிரும்" என்பார்கள். சேலைக்கடைக்காரர்கள் ஒவ்வொருவராக நூலை வேறு தொட்டிக்கு அனுப்பினார்கள். இருபது வருசமாக அவரிடம் தைத்த பள்ளிக்கூடமும் யூனிபார்மை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டது. இரண்டு வருசத்தில் தொட்டியை இடித்துவிட்டுத் திருப்பூருக்குப் போனார்கள். போவதற்கு முன் ஒருநாள் மார்க்கெட்டில் தங்கம்மாள் எதிரே வந்தாள். முத்துத்தாய் பேச வாயெடுத்தாள். தங்கம்மாள் நின்று, "ஒங்க வீட்டுச் சடங்கு நல்லா நடந்துச்சாம்ல?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

டீமுக்கு அப்புறம் நீலத்தில் பாலியஸ்டர் சட்டை வந்தது. மழையில் சாயம் போகாது. வெயிலில் உடம்பு வெந்துபோகும். முதுகு வழக்கமான நீளம்தான். பையன்கள் குனியும்போதெல்லாம் பின்னால் இழுத்துவிட்டுக்கொண்டே ஓடினார்கள். பின்னால் மில்லை விற்றார்கள். டீமை மட்டும் சென்னைக் கம்பெனி ஒன்று வாங்கி லீக்கில் சேர்த்தது. சட்டை மஞ்சளாயிற்று, கறுப்பாயிற்று. மார்பில் சிமெண்டு, முதுகில் பெயிண்டு, கையில் ஏதோ செல்போன் ஆப்பு. வருசத்துக்கு ஒரு நிறம். உக்கிரபாண்டி அதையெல்லாம் டிவியில் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். கொரோனா வருசம் அவரும் போய்ச் சேர்ந்தார். அவரிடம்கூட முத்துத்தாய் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை.

போன வருசம் டீமுக்கு ஐம்பது நிறைகிறது என்று அந்தக் கம்பெனியிலிருந்து பானுப்பிரியா என்ற பெண் காரில் வந்து இறங்கினாள். பழைய சட்டைகளின் சரித்திரத்தை எழுதுகிறார்களாம். செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். சிவப்புச் சட்டை; அதன் நிறம் வெள்ளை டிரவுசருக்குள் வழிந்து இறங்குவது போல அச்சடித்திருந்தது.

"இதான் ஆன்ட்டி எங்க ஸ்பெஷல் ஜெர்ஸி. மதுரை மேட்ச்! ரத்தம் சிந்தி ஆடின டீம்னு போடுறோம். ஆன்லைன்ல ரெண்டே நாள்ல வித்துருச்சு. உங்க சார்தானே அப்ப மேனேஜர்? எதாவது சொல்லுங்க, ரெக்கார்டு பண்ணிக்கிறேன்."

முத்துத்தாய் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். சொன்னால் தலைகுனிய வேண்டிய புருசன் இப்போது இல்லை. பறிபோக வேலையும் இல்லை. சொன்னாள். டிரம்மில் இருந்த தண்ணீர், சடங்கு, பரணில் போட்ட கட்டு, மடிப்பில் உதிர்ந்த கஞ்சி, எல்லாம் சொன்னாள். "சாயத்துல குத்தமில்ல தாயி. குத்தம் எங்கிட்ட. கருணாகரன்னு அவுக பேரு. அதப் போடு. அவுக நல்ல சாயம்தான் போட்டாகன்னு போடு."

பானுப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ ஆன்ட்டி, செம்ம! ஆனா இதப் போட்டா ரத்தம்னு சொன்ன கதை படுத்துரும். டெய்லர் பேரெல்லாம் ஸ்பான்சர் ஒத்துக்க மாட்டாங்க. நீங்க சாரைப் பத்திச் சொல்லுங்களேன்?"

"சாரைப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்ல" என்று முத்துத்தாய் எழுந்து உள்ளே போனாள்.

திருப்பூரிலிருந்து கருணாகரன் திரும்பி வந்து ஆறேழு வருசமாகிறது என்று அவளுக்குத் தெரியும். தங்கம்மாள் அங்கேயே தவறிப்போனதும் தெரியும். அவர் இருக்கிற பாளையம்பட்டிக்கு டவுன் பஸ்ஸில் கால்மணி நேரம். அந்தக் கால்மணி நேரத் தூரத்தைப் போக அவளுக்கு இத்தனை வருசம் ஆயிற்று. மறுநாள் காலையில் போனாள்.

மகன் அரவிந்த்குமார் வீட்டு வாசலில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். நகத்தில் எந்த நிறமும் இல்லை. அவளை உடனே தெரிந்துகொண்டார்.

"வாங்க" என்றார். தங்கச்சி என்று சொல்லவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கம்பெனிக்காரப் பெண்ணிடம் சொன்னதையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"தெரியும்" என்றார். "அன்னைக்கே தெரியும். எனக்குத் தெரிஞ்சது ஒங்களுக்குத் தெரியும்கிறதும் தெரியும். ரெண்டு வருசம் அந்த ஊர்ல பொறுத்துக் கெடந்தேன். இன்னைக்கு வருவீக, நாளைக்கு வருவீகன்னு தங்கம்மா வாசலப் பாத்துக்கிட்டே இருந்தா."

"வேலை போயிரும்னு பயந்துட்டேன் அண்ணாச்சி."

"அவருக்கு வேலை போகக் கூடாது. சரி. எனக்குத் தொழிலு போகலாம்." அவர் குரல் உயரவில்லை. "இப்பச் சொன்னீக. ஒங்க பாரத்த எறக்கி வச்சுட்டீக. நான் இதக் கொண்டுபோயி யாருகிட்டக் காட்டட்டும்? சாயம்போச்சுன்னு கூப்புட்டவன்ல பாதிப் பேரு செத்துப்போனான். மிச்சம் பேரு அந்தச் சட்டைய வாங்கிப் போட்டுக்கிட்டுத் திரியுறான்."

அவள் வழியைவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"பஸ்ஸு வருது. நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு அவர் படி இறங்கினார். மருமகள் எட்டிப் பார்த்து, "காப்பி சாப்புடுறீங்களாம்மா?" என்று கேட்டாள். முத்துத்தாய் வேண்டாம் என்றாள்.

கருணாகரனுக்கு இப்போது எழுபத்தொரு வயது. மகன் வீட்டில் இருக்கிறார். பந்தல்குடி ரோட்டில் ஒரு யூனிபார்ம் கம்பெனியில், தைத்து முடிந்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறை வெட்டுகிற வேலை. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறு வரை.