அக்கா மடியில் என் பை

சைதாப்பேட்டையில் பஸ் ஏறியதும், நிற்கிற எல்லோரையும் போல, உட்கார்ந்திருந்த ஓர் அக்காவிடம் என் பையை நீட்டினேன்.

"குடு நைனா" என்று மடியில் வாங்கிக்கொண்டார்.

பையின் ஓரத்தில் என் ரப்பர் பல்லி தலையை நீட்டிக்கொண்டிருந்தது. தற்செயலாக அல்ல.

அக்கா அலறியதில் டிரைவரே திரும்பிப் பார்த்தார். நான் மட்டும்தான் சிரித்தேன்.

"இன்னாடா இது? நம்பித்தானே வாங்குனேன்?" பை என் கைக்கே வந்தது.

பக்கத்தில் ஒரு ஸ்கூல் பொண்ணு, மூட்டை மாதிரிப் பையோடு நின்றாள். "அக்கா, இதைக் கொஞ்சம் வெச்சுக்கிறீங்களா?"

"வேணாம்மா. நீயே வெச்சுக்கோ."

"என்கிட்ட குடு" என்றேன்.

"ஐயோ, உங்ககிட்டயா?"

அடையாறு வரை பையின் கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே நின்றாள்.

நாளைக்கு இந்த பஸ்ஸில் உட்கார்ந்து வரும் உங்களில் யாராவது அவள் பையை வாங்கிக்கொள்வீர்களா? பல்லி வீட்டிலேயே இருக்கும். வேண்டுமானால் நானும்.